பிணியை அளந்த வரலாறு

கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் வட்டாரங்களில் வீட்டில் ஒருவருக்குச் சித்தம் கலங்கிவிட்டால், குடும்பத்தாருக்கு நெடுங்காலம் இரண்டு பாதைகளே கண்ணுக்குத் தெரிந்தன. இரயிலேறி வடக்கே சென்றால் சென்னைக் கீழ்ப்பாக்கம். தெற்கே சென்றால் நாகூர், அதற்கும் அப்பால் ஏர்வாடி. கீழ்ப்பாக்கம் என்ற சொல்லே வசையாக வழங்கிய காலம் அது. அங்குச் சென்று வந்த செய்தி வெளியே தெரிந்தால் வீட்டுப் பெண்மக்களின் நிக்காஹ் பேச்சு நின்றுபோகும். தெற்குப் பயணத்தில் அந்த அச்சமில்லை. ஜியாரத்துக்குப் போகிறோம் என்று தெருவறியச் சொல்லிவிட்டுப் புறப்படலாம். ஆக, வந்திருக்கும் நோய் எத்தகையது, அதன் கடுமை எவ்வளவு என்று ஆராயும் முன்னரே, எந்தத் திசையில் செல்வது என்பதை நாணம் முடிவு செய்துவிட்டது.

இத்தனைக்கும், நோயை ஆராய்ந்து தரம் பிரிக்கும் கலை நம்மவர்க்குப் புதியதன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்னும் பேரறிஞர், 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்றொரு நூல் யாத்தார். உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் என்பது பெயரின் கருத்து. உடலுக்கு நோய் வருவதுபோல் உள்ளத்துக்கும் வரும், இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்பது அவர் துணிபு. துயரத்தை அவர் இரண்டாக வகுத்த திறம் இன்றும் வியக்கத்தக்கது. உற்றாரை இழந்தமை, பொருளை இழந்தமை போன்ற காரணம் அறியப்பட்ட துயரம் ஒன்று. காரணமே புலப்படாமல் மனிதனைக் கவிந்துகொள்ளும் துயரம் மற்றொன்று. முன்னதற்குச் சொல்லும் சிந்தனையும் மருந்து. பின்னது உடலின் கோளாற்றிலிருந்து எழுவது, ஆகவே உடலுக்கும் மருந்து வேண்டும் என்றார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் கடலூர்க் கடற்கரையை ஆழிப்பேரலை வாரிச் சென்றபோது, பிள்ளைகளை இழந்த தாய்மார் உண்ணாமலும் உறங்காமலும் கடலையே வெறித்து நின்றனர். அது முதல்வகைத் துயரம். அத்தாய்மாரைப் பைத்தியம் என்பார் எவருமிலர். ஆனால் எந்த இழப்புமின்றி அதே கோலத்தில் ஒரு பெண் அமர்ந்திருந்தால், காற்று, கருப்பு, ஜின் என்று எத்தனை பெயர்கள்!

ஃபிக்ஹு அறிஞர்களும் இத்துறையில் நுணுகி நோக்கியுள்ளனர். இடைவிடாது நீடிக்கும் பித்து வேறு, வந்து வந்து தெளியும் பித்து வேறு என்று பிரித்தார்கள். தெளிவுற்ற வேளையில் ஒருவன் செய்யும் கொடுக்கல் வாங்கல் செல்லும். கலங்கிய வேளையில் செய்தது செல்லாது. அவ்வேளையில் தொழுகையும் அவன்மீது கடமையில்லை. ஒருமுறை பித்தன் என்று பெயர் சூட்டி, ஆயுள் முழுவதும் அவன் வாயை அடைத்துவிடும் வழக்கம் சட்டத்தில் இல்லை. நம் தெருக்களில்தான் இருந்தது. கெய்ரோவில் 1284இல் எழுந்த மன்சூரி மருத்துவமனை, மனம் பிறழ்ந்தோர்க்கெனத் தனிப்பகுதி கொண்டிருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம்.

ஆங்கிலேயர் சென்னையில் 1794இலேயே ஒரு பித்தர் விடுதி கண்டனர். கீழ்ப்பாக்கத்து மனை 1871இல் திறக்கப்பட்டது. 1912ஆம் ஆண்டுச் சட்டம், உறவினரின் மனுவோடு இரண்டு மருத்துவச் சான்றுகளும் மாஜிஸ்திரேட்டின் ஆணையும் வேண்டும் என்றது. அச்சான்றில் மருத்துவர் தாம் நேரில் கண்டதை ஓரிடத்திலும், பிறர் சொல்லக் கேட்டதை வேறோரிடத்திலும் எழுத வேண்டும். ஹதீஸ் கலை பயின்றோர்க்கு இந்தப் பாகுபாடு விந்தையாகத் தோன்றாது! ஆயினும் அந்தச் சட்டத்தின் நோக்கம் அடைத்து வைப்பது. ஆற்றுவது அதற்கு இரண்டாம் பட்சமே. மனநோய்க்குப் பயன்தரும் முதல் மாத்திரையான குளோர்ப்ரோமசின் மருத்துவர் கைக்கு வந்ததே 1952இல்தான்.

உடல்நோய் உளநோயின் வேடம் பூண்டு வருவதும் உண்டு. டைபாய்டு காய்ச்சலின் பிதற்றல், காக்காய் வலிப்புக்குப் பிந்தைய தடுமாற்றம், தைராய்டு சுரப்பு குன்றியதால் வரும் சோர்வு, மகப்பேற்றுக்குப் பின் சில நாள்களில் தோன்றும் வெறி ஆகியவை யாவும் பேய்க்கோளாறு என்று தவறாகக் கணிக்கப்பட்டவை. இவற்றுள் பலவும் உரிய காலத்தில் கண்டால் தீரக்கூடியவை. காலம் தாழ்ந்தால் உயிருக்கே உலை வைப்பவை.

ஏர்வாடியை எழுதும்போது பேனா தயங்குகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலை, தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திவந்த மனநோயாளர் காப்பகங்களுள் ஒன்றின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அவர்கள் தாமாக அங்கு வந்தவர்களல்லர். நம்பிக்கையோடு குடும்பத்தார் ஒப்படைத்துச் சென்ற அமானிதங்கள். தர்காவின் மீது பழி சுமத்துவோரும் உண்டு, நாம் அதற்கு உடன்படோம். துஆ எவரையும் கட்டிப்போடவில்லை. கட்டியது சங்கிலி, அதற்கு மாதாமாதம் காசு அனுப்பியது வீடு. அவர்களுள் எத்தனை பேரை ஒரு மருத்துவர் ஒருமுறையேனும் நாடி பிடித்துப் பார்த்திருப்பார் என்ற கேள்விக்கு நம்மிடம் விடை ஏது?

அவ்வாண்டே அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மறு ஆண்டு, 2002இல், மனநோயால் விளையும் இயலாமையை அளப்பதற்கான அளவுகோல் ஒன்று அரசிதழில் வெளியாயிற்று. தன்னைப் பேணிக்கொள்ளல், பிறரோடு பழகல், பேசுதலும் புரிந்துகொள்ளலும், வேலை என நான்கு துறைகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். நோய் நீடித்த ஆண்டுகளுக்கும் தனி மதிப்பெண். கூட்டுத்தொகை 7ஐ எட்டினால் இயலாமை 40 விழுக்காடு என்ற எல்லையைத் தொடும். அரசு உதவிகளுக்கு அதுவே வாசல். போலியோவால் சூம்பிய காலை அளப்பது எளிது, கலங்கிய உள்ளத்தை எண்ணில் அடக்குவது அரிது. வீட்டில் சோறாக்குகிறாள் என்பதற்காகவே ஒரு பெண்ணின் வேதனை குறைத்து மதிப்பிடப்படலாம். இருந்தும், சங்கிலியின் நீளத்தை விட இந்த அளவுகோல் மேலானது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்து, சங்கிலியிடுவதை எவ்வடிவிலும் தடை செய்துவிட்டது. ஏர்வாடியிலேயே இப்போது துஆவும் மருந்தும் ஒருங்கே கிடைக்கும்படி அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. அல்பல்கீ கண்டால் மகிழ்ந்திருப்பார்.

நம் வட்டாரத்தைப் பொறுத்தவரை, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சார்பில் 1985இல் சிதம்பரத்தில் தோன்றிய மருத்துவக் கல்லூரி, 2021இல் அரசின் கடலூர் மாவட்ட மருத்துவக் கல்லூரியாயிற்று. பரங்கிப்பேட்டையிலிருந்து அதிகத் தொலைவில்லை. பேருந்தில் போய் அன்றே திரும்பிவிடலாம். அங்கே மருத்துவர் முதலில் கேட்பவை எளிய கேள்விகள்தாம்: எப்போது தொடங்கிற்று, உறக்கம் எப்படி, காய்ச்சல் கண்டதா, வலிப்பு வந்ததுண்டா, சாக விரும்புவதாகச் சொன்னதுண்டா. விடை தர வேண்டியவர், கூடவே இருந்து பார்த்த உம்மாவோ மனைவியோதான். இறுதிக் கேள்வியைக் கேட்டதும் பலர் தலை கவிழ்கின்றனர். அந்த விடையை மட்டும் மறைத்துவிட்டு மாத்திரைச் சீட்டோடு வீடு திரும்புகின்றனர்.