வாய்க்கால் இருந்த பக்கம்தான் தண்ணி போச்சு

2020 மார்ச் 27-ந் தேதி அமெரிக்காவுல ஒரு சட்டம் கையெழுத்தாச்சு. கொரோனாவால வேலை போனவங்களுக்கு, மாநில அரசு வழக்கமாக் கொடுக்குற உதவித்தொகைக்கு மேல வாரம் 600 டாலர் கூடுதலாக் கொடுக்கணும்னு அதுல இருந்துச்சு. அதுக்கு மூணு நாள் முன்னாடிதான் தமிழ்நாடு அரசு, அரிசி வாங்குற ஒவ்வொரு ரேஷன் கார்டுக்கும் 1000 ரூபாய்னு அறிவிச்சிருந்தது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, "அவன் எங்கே, நாம எங்கே"ன்னு அந்த நேரம் நிறையப் பேர் பேசினாங்க. பணக்கார நாடு கூடக் கொடுக்கும், அதுல பேச என்ன இருக்கு? விவசாயி கண்ணுக்குத் தெரிஞ்சது வேற. அந்தப் பணம் எந்த வாய்க்கால் வழியா வந்துச்சு, யாரு வயல் வரைக்கும் போச்சுங்கறதுதான்.

அமெரிக்காவுல அந்த வாய்க்கால் வெட்டினது 1935-ல. பெருமந்தத்துல கோடிக்கணக்கானவங்க வேலை இழந்த பிறகு, சமூகப் பாதுகாப்புச் சட்டம்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க. அதுலேருந்து யாரு எங்க வேலை பார்க்குறாங்க, என்ன சம்பளம்னு முதலாளி அரசாங்கத்துக்குக் கணக்குக் கொடுத்துட்டே வர்றார். ஆபத்து வந்த அன்னைக்கு இருக்குற வாய்க்கால்ல மடையை இன்னும் கொஞ்சம் தூக்கிவிட்டாப் போதும். நம்ம நாட்டுலயும் அந்த மாதிரி ஒண்ணு இல்லாம இல்ல. இ.எஸ்.ஐ. பிடிக்கிற கம்பெனியில வேலை போனா, 90 நாள் வரைக்கும் சராசரிச் சம்பளத்துல கால் பங்கு கொடுக்குற திட்டம் 2018-ல வந்துச்சு. 2020 மார்ச் 24-லேருந்து அதைப் பாதிச் சம்பளமா உயர்த்தினாங்க. நகரத்துல சம்பளத்துக்கு இருக்குற உங்கள்ல பல பேருக்கே இது தெரிஞ்சிருக்காது. கூலிக்குப் போறவருக்கு அதுல பேரே கிடையாது.

இப்போ எங்க ஊருக்கு வர்றேன். கோம்பைன்னா வெளியூர்க்காரங்களுக்கு நாய்தான் ஞாபகம் வரும். ஊரு இருக்கிறது உத்தமபாளையம் தாலுகாவுல, மேற்கு மலையடிவாரத்துல. அண்ணாந்து பார்த்தா ராமக்கல்மெட்டு. அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம் கேரளா, இடுக்கி மாவட்டம், ஏலத்தோட்டம். கம்பம், கோம்பை, தேவாரம், போடின்னு இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க விடியறதுக்கு முன்னாடியே ஜீப்பு கிளம்பிரும். பெண்களும் ஆண்களும் நெருக்கி உக்காந்து குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியா மேல ஏறி, காய் எடுத்துட்டு, களை வெட்டிட்டு, சாயங்காலம் இறங்குவாங்க. சில பேர் வாரக்கணக்குல அங்கேயே லயத்துல தங்கிருவாங்க. மலைக் கூலி எப்பவும் எங்க காட்டுக் கூலியைவிடக் கூடத்தான். கோம்பையில கூலியைத் தீர்மானிக்கிறது எங்களை மாதிரி விவசாயி இல்ல, அந்த ஜீப்புதான்.

மார்ச் கடைசி வாரத்துல அந்த ஜீப்பு நின்னுபோச்சு. மெட்டுக்கு மெட்டு ரெண்டு மாநிலத்துப் போலீசும் நின்னாங்க. மேல தங்கியிருந்தவங்க, ரோடு வழி இல்லைன்னு ஆனதும், அப்பன் பாட்டன் நடந்த பழைய மலைப்பாதையில இறங்க ஆரம்பிச்சாங்க. மார்ச் 24-ந் தேதி அப்படி இறங்கி வந்த ராசிங்காபுரத்து ஆட்கள் காட்டுத்தீயில சிக்கினாங்க. ஒரு சின்னக் குழந்தை உட்பட உயிர் போச்சு. வட நாட்டுல நெடுஞ்சாலையில நடந்தவங்களை டி.வி.யில மாசக்கணக்குல காட்டினாங்க. இது ரெண்டு நாள் செய்தியோட முடிஞ்சுது.

சரி, இந்த மலைக் கூலி ஆட்களுக்கு என்னென்ன வந்துச்சு? ரேஷன் கார்டுக்கு 1000 ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வந்துச்சு. மத்திய அரசு மார்ச் 26-ல அறிவிச்சதுல, ஜன்தன் கணக்கு இருக்குற பெண்களுக்கு மாசம் 500 ரூபாய் வீதம் மூணு மாசம். கட்டடத் தொழிலாளி, ஆட்டோ ஓட்டுறவர்னு நல வாரியத்துல பதிஞ்சவங்களுக்குத் தனியா 1000 ரூபாய். ஏலத்தோட்டத்துக்குப் போற பெண் எந்த வாரியத்துல இருப்பா? வேலை பார்க்குற மாநிலத்துல அவ அந்த ஊர்க்காரி இல்ல. குடியிருக்குற மாநிலத்துல அவ என்ன வேலை பார்க்குறாங்கறதுக்கு ஒரு தாளும் இல்ல. எனக்கு? பிஎம் கிசான்ல 2000 ரூபாய் ஏப்ரல்லயே கணக்குல ஏறிருச்சு, ஏன்னா எங்கிட்ட பட்டா இருக்கு. என் தோட்டத்துல வேலை பார்க்குறவங்ககிட்ட பட்டா கிடையாது. அந்தக் கிசான் வாய்க்காலும் ஒழுகுன வாய்க்கால்தான். தகுதியில்லாத லட்சக்கணக்கானவங்களைப் பதிஞ்சு 110 கோடி ரூபாய் போயிருச்சுன்னு தமிழ்நாட்டுல சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது அதே வருஷம்தான்.

எல்லார் வீட்டுக்கும் போன ஒரே வாய்க்கால் ரேஷன் கார்டு. அது சும்மா வந்ததில்ல. 1997-ல மத்திய அரசு ரேஷனை வறுமைக் கோட்டுக்குக் கீழே, மேலேன்னு பிரிச்சப்போ, தமிழ்நாடு பிரிக்க மாட்டேன்னு எல்லாருக்கும் பொதுவா வச்சுக்கிட்டது. வீண் செலவுன்னு அப்போ நிபுணர்கள் சொன்னாங்க. 2020-ல 2 கோடிக் கார்டுக்கு ஒரே மாசத்துல பணம் கொடுக்க முடிஞ்சது அந்த வீண் செலவாலதான்.

இந்த உதவியெல்லாம் வந்துட்டிருக்கும்போதே டீக்கடையில ஒரு பேச்சு ஓடுச்சு. "இப்படிச் சும்மா கொடுத்தா எவன் வேலைக்கு வருவான்?" கடலுக்கு அந்தப் பக்கமும் இதே பேச்சுதான். 600 டாலரால பல பேருக்கு வாங்குன சம்பளத்தைவிடக் கூட வந்ததால, ஜூலையோட அதை நிறுத்தினாங்க. பிறகு 300 டாலராத் திரும்ப வந்துச்சு. 2021 கோடையில பாதிக்குக் கிட்டத்தட்ட மாநிலங்கள், வேலைக்கு ஆள் வரலைன்னு சொல்லி, தவணைக்கு முன்னாடியே அதையும் வெட்டினாங்க. டீக்கடைக்காரரும் டெக்சாஸ் கவர்னரும் ஒரே கட்சி.

இந்தப் பேச்சுக்கு நம்ம பக்கத்துலயே நூத்தம்பது வருஷ வரலாறு இருக்கு. தாது வருஷப் பஞ்சம்னு பாட்டிமார் சொல்லுவாங்களே, 1876-லேருந்து 1878 வரைக்கும், அது. அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1874-ல, பீகார்ல பஞ்சம் வந்தப்போ ரிச்சர்ட் டெம்பிள்ங்கற வெள்ளைக்கார அதிகாரி பர்மாவுலேருந்து லட்சக்கணக்கான டன் அரிசி இறக்கினார். தாராளமாக் கொடுத்தார். சாவு மிகக் குறைவு. பாராட்டு கிடைக்கும்னு பார்த்தா, காசை வாரி இறைச்சுட்டார்னு லண்டன்ல அவரைக் கிழிச்சாங்க.

மெட்ராஸ் மாகாணத்துல மழை பொய்த்து ஜனங்க விழ ஆரம்பிச்சப்போ, 1877 ஜனவரியில வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளைத்தான் அனுப்பினார். இந்தத் தடவை அவர் பாடம் கத்துக்கிட்டு வந்திருந்தார். நிவாரண வேலையில மண் சுமக்குற ஆணுக்கு ஒரு நாள் கூலி ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம், அதோட ஒரு அணா. பெண்ணுக்கும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. முன்னாடி கொடுத்துட்டிருந்தது ஒன்றரைப் பவுண்டுக்கு. கூலி குறைவா இருந்தாத்தான் உண்மையிலேயே கதியில்லாதவன் மட்டும் வருவான்னு கணக்கு. வீட்டுலேருந்து பல மைல் தள்ளி வேலை வச்சதும் அதே கணக்குதான். மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். மண்வெட்டி பிடிக்கிற உடம்பு ஒரு பவுண்டுல நிக்காதுங்கறதுதான் அவர் வாதம். சில மாசம் இழுத்தடிச்சு கூலியைக் கொஞ்சம் ஏத்தினாங்க. அதுக்குள்ள முகாம்கள்ல பிணம் விழுந்துருச்சு. தெற்கிலயும் மேற்கிலயும் அந்தப் பஞ்சத்துல செத்தவங்க 50 லட்சத்துக்கு மேல. சென்னைக்காரங்க தினமும் தாண்டிப் போற பக்கிங்காம் கால்வாயில ஒரு நீளம் அந்தப் பஞ்சக் கூலியில தோண்டினதுதான். கால்வாய்க்குப் பேரு அப்போதைய கவர்னர் பேரு. தோண்டினவங்களுக்குப் பேரு இல்ல.

எங்க பக்கம் அப்போ மதுரை ஜில்லா. பஞ்சத்துல மதுரை, திருநெல்வேலியிலேருந்து சனம் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பல் ஏறுச்சு. பஞ்சம் முடிஞ்ச பிறகு முல்லைப் பெரியாறு அணைப் பேச்சு மறுபடி எழுந்து, 1886-ல திருவிதாங்கூரோட ஒப்பந்தம் ஆகி, 1895-ல தண்ணி இந்தப் பக்கம் திரும்புச்சு. கம்பம் பள்ளத்தாக்கு நெல் விளையுற பூமியானது அதுக்கப்புறம்தான்.

இன்னொண்ணும் அந்தப் பஞ்சத்துலேருந்து வந்துச்சு. 1880-ல பஞ்சக் கமிஷன் அறிக்கை கொடுத்து, அடுத்த சில வருஷத்துல பஞ்ச விதித்தொகுப்பு தயாரானது. உடம்புல தெம்பு உள்ளவனுக்கு உயிர் நிக்கிற அளவு கூலியோட வேலை, முடியாதவனுக்குச் சும்மா சோறு, ரெண்டையும் கொடுக்குறது அரசாங்கத்தோட கடமைன்னு எழுதி வச்சாங்க. அதை உரிமைன்னு மட்டும் எழுதல. உரிமைங்கற சொல் சட்டத்துல ஏற இன்னும் நூறு வருஷம் ஆச்சு. 1972 வறட்சியில மகாராஷ்டிரா வேலை உறுதித் திட்டத்தைப் பெருசா நடத்தி, 1977-ல சட்டமாக்குச்சு. அதுக்குக் காசு எங்கிருந்து வந்துச்சுன்னு நகரத்து நண்பர்கள் தெரிஞ்சுக்கணும். பம்பாய் சம்பளக்காரங்க மேல போட்ட தொழில் வரியிலேருந்து. அந்தச் சட்டத்தோட பிள்ளைதான் 2005-ல வந்த நூறு நாள் வேலை.

கொரோனா வருஷத்துல நாட்டையே தாங்கினது இந்த நூறு நாள் வேலைதான்னு சொன்னா மிகையில்ல. 2020 மே மாசம் 20 லட்சம் கோடித் திட்டம்னு அறிவிச்சாங்களே, அதுல பெரும்பகுதி கடனும் கடன் உத்தரவாதமும். கைக்கு நேரா வந்த பெரிய துண்டு, நூறு நாள் வேலைக்குக் கூடுதலா ஒதுக்கின 40,000 கோடி. தமிழ்நாட்டுல நாள் கூலி 229-லேருந்து 256 ஆச்சு. அந்த வருஷம் நாடு முழுக்க ஏழரைக் கோடிக் குடும்பங்கள் அந்த வேலைக்குப் போச்சு. சொந்த ஊருக்கு நடந்தே போனவங்க போய் நின்ன இடம் அதுதான்.

கோம்பையில அந்த வேலை இல்ல. ஏன்னா கோம்பை பேரூராட்சி. நூறு நாள் வேலைச் சட்டம் ஊராட்சிக்கு மட்டும். பக்கத்துல இருக்குற கோகிலாபுரம், ராயப்பன்பட்டி ஊராட்சி, அங்க உண்டு. கோம்பை, பண்ணைப்புரம், தேவாரம், உத்தமபாளையம், அனுமந்தன்பட்டி எல்லாம் பேரூராட்சி, இங்க கிடையாது. தேனி மாவட்டத்துல இந்த மாதிரி 22 ஊரு. ஆடு மாடு, களத்துமேடு, தென்னந்தோப்புன்னு பார்த்தா இந்த ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம்னு வெளியூர்க்காரர் கண்டுபிடிக்கவே முடியாது.

இதுல ஒரு வேடிக்கை, அல்லது வயித்தெரிச்சல். 2004-ல தமிழ்நாட்டுல 500-க்கும் மேற்பட்ட பேரூராட்சிகளைச் சிறப்புக் கிராம ஊராட்சின்னு மாத்தினாங்க, மத்திய அரசின் கிராம நிதி கிடைக்கட்டும்னு. 2006 ஜூலையில ஆட்சி மாறினதும் திரும்பவும் பேரூராட்சி ஆக்கினாங்க. நூறு நாள் வேலை தேனி மாவட்டத்துக்கு வந்தது 2008 ஏப்ரல்ல. கதவு சாத்தின பிறகு மழை வந்த மாதிரி. அப்போ யாரும் அதைப் பெருசா நினைக்கல. மலைக்கு ஜீப்பு ஓடிட்டிருந்துச்சே!

ஆனாலும் எங்க ஊர் டீக்கடையில இன்னைக்கும் ஒரு விவசாயி, "நூறு நாள் வேலையாலதான் களையெடுக்க ஆள் கிடைக்கல"ன்னு சொல்லுவார். இல்லாத திட்டத்தைத் திட்டுறோம்னு அவருக்குத் தோணாது. 2020 ஏப்ரல், மே மாசத்துல ஜீப்பு நின்னு, நூறு நாள் வேலையும் இல்லாம, கோம்பையில ஆள் தானாத் தேடி வந்தாங்க. விவசாய வேலைக்கு ஊரடங்குல தடை இல்ல. வாழை, திராட்சை விலை போகாம நாங்களே முழிச்சுட்டிருந்த நேரம். சில தோட்டங்கள்ல கூலியைக் குறைச்சாங்க, வந்தவங்களும் வாங்கிட்டுப் போனாங்க. டெம்பிள் வந்து உத்தரவு போட வேண்டிய அவசியமே இல்லாம நடந்துச்சு. ஆளுக்குப் போக வேற இடம் இருக்கா இல்லையாங்கறதுதான் கூலி. எனக்கும் கூலி கூடினா வலிக்கும், கணக்கு எழுதுறவன் நான்தானே. ஆனா அந்த ரெண்டு மாசம் எங்க ஊர்ல யாரும் சோம்பேறியா இருந்ததா நான் பார்க்கல.

மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவுல, 2010-லயே நகர்ப்புறத்துக்கும் அய்யன்காளி பேர்ல வேலை உறுதித் திட்டம் கொண்டுவந்துட்டாங்க. நம்ம மாநிலத்துல, கொரோனாவுக்குப் பிறகு பொருளாதாரத்தை நிமித்த என்ன செய்யலாம்னு ரங்கராஜன் தலைமையில போட்ட குழு, நகரத்துக்கும் நூறு நாள் வேலை மாதிரி ஒண்ணு வேணும்னு 2020-ல சொல்லுச்சு. பிறகு 100 கோடி ரூபாய்ல, சோதனையா, சில பேரூராட்சிகளைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கினாங்க.

இரண்டாம் அலையில, 2021 மே மாசம், புது அரசாங்கத்தோட முதல் கையெழுத்தே கார்டுக்கு 4000 ரூபாய். மே மாசம் 2000, ஜூன்ல 2000, கூடவே 14 மளிகைச் சாமான். மறுபடியும் அதே ரேஷன் வாய்க்கால்தான். ஏலத்தோட்டத்துக்குப் போறவங்களுக்கு அந்தச் சமயம் பாஸ், டெஸ்ட் சர்டிபிகேட்னு தனிப்பாடு. ஒரு நாள் திறக்கும், மறுநாள் மூடும்.

அந்த வருஷம் ஆகஸ்ட் 26-ல மத்திய அரசு இ-ஷ்ரம்னு ஒரு பதிவேடு திறந்துச்சு, அமைப்புசாராத் தொழிலாளிக்கு. எங்க தெருவுல மலைக்குப் போற பெண்கள் ஒரு சாயங்காலம், ஜீப்பை விட்டு இறங்கின கையோட, முந்தானையில ஏலக்காய் வாசத்தோட சேவை மையத்துல வரிசையில நின்னாங்க. விரல் ரேகை விழல, காயெடுத்த கை தேஞ்சு போயிருக்கும். திரும்பத் திரும்ப வச்சுப் பார்த்து, எப்படியோ பதிஞ்சுட்டாங்க. என்ன வேலைன்னு கேட்டதுக்கு விவசாயக் கூலின்னு ஏறுச்சு. எந்த மாநிலத்துல வேலைன்னு யாரும் கேட்கல.