சமுதாயத்தைக் கடிந்துகொண்ட நேசன்

சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை ஊன்றிய 1820களிலேதான் இலங்கையின் கண்டிச் சீமையிலும் காப்பித் தோட்டங்கள் பரவத் தொடங்கின. கொட்டச்சேட்டில் வாழும் நமக்குச் செய்தித்தாள் என்பது சேலத்திலிருந்து மலையேறி வரும் பொருள். அதில் நம் ஊர்ப் பெயரைக் காண்பது அரிது. ஆனால் அந்தக் கண்டி மலைநாட்டில் பிறந்த ஒருவர், தம் மக்களுக்கெனவே ஒரு பத்திரிகையை 1882 டிசம்பரில் தோற்றுவித்தார். அவர் அறிஞர் மர்ஹூம் மு. கா. சித்தி லெப்பை. பத்திரிகை ‘முஸ்லிம் நேசன்’.

காலம் நல்ல காலமன்று. 1869இல் தோன்றிய இலைநோய் கண்டியின் காப்பியை அழித்துக்கொண்டிருந்தது. வணிகமே வாழ்வாயிருந்த சோனகர்கள் தளர்ந்திருந்தனர். அத்தகைய வேளையில் ஒரு பத்திரிகை தன் வாசகரைப் புகழ்ந்தால் சந்தா எளிதில் சேரும். நேசனோ ஆங்கிலம் கற்க வேண்டும், பெண்மக்களும் கற்க வேண்டும் என்று வற்புறுத்திற்று. வழக்கறிஞராயிருந்த ஆசிரியர், தம் கட்சிக்காரரைக் காப்பது போலன்றித் தம் சமுதாயத்தையே விசாரணைக்கு நிறுத்தினார்.

எதிர்ப்பு எழுந்ததில் வியப்பில்லை. ஆங்கிலக் கல்வி ஈமானுக்குக் கேடு என்று அஞ்சியோர் பலர். அவ்வச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ள நாம் ஒருப்படோம். ஆங்கிலப் பள்ளிகளுள் மிகப் பல மிஷனரிமார் கையில் இருந்தன. பிள்ளையை அங்கு அனுப்பத் தயங்கிய தந்தைக்குக் காரணம் இருந்தது. ஆகவேதான் சித்தி லெப்பை, அஞ்சற்க என்று எழுதியதோடு நில்லாமல், நமக்கென நாமே பள்ளி அமைப்போம் என்றார். அவருடைய வாதத்தின் வலிமை இதில்தான் இருக்கிறது.

இங்கு ஒரு சிறு குறிப்பு. செய்தி என்னும் பொருளுடைய அரபுச் சொல்லையும், அடக்கத்தலத்தைக் குறிக்கும் சொல்லையும் நாம் தமிழில் ‘கபர்’ என்றே எழுதுகின்றோம். அரபுத் தமிழ் எழுத்தில் இந்த மயக்கம் இராது. முன்னோர் அவ்வெழுத்தைப் போற்றிய காரணம் இத்தகைய இடங்களில் விளங்கும். குர்ஆன் ஓதக் கற்ற எழுத்திலேயே தமிழையும் படித்துவந்த வீட்டுப் பெண்களை எட்டுவதற்கும் அதுவே வழியாயிருந்தது.

நேசன் தோன்றிய சில வாரங்களுக்குள், 1883 ஜனவரியில், எகிப்தில் ஆங்கிலேயரிடம் தோற்ற அஹ்மத் உராபி பாஷாவும் தோழர்களும் நாடுகடத்தப்பட்டுக் கொழும்பில் இறங்கினர். எங்கோ நிகழ்ந்த போரின் தலைவர் தம் தெருவிலேயே தொழ வந்தது கண்டு மக்கள் திரண்டனர். அல்-அஸ்ஹரில் பயின்ற பாஷாவே கல்வியை ஆதரித்தபோது, சித்தி லெப்பைக்குத் தனியே கிட்டாத செவிகள் கிட்டின. 1885இல் அவர் வெளியிட்ட ‘அசன்பேயுடைய கதை’ எகிப்தைக் களமாகக் கொண்டதும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. தமிழ் நாவல்களுள் அது மிக முந்தியவற்றில் ஒன்று.

ஆயினும் கேட்டவர் எல்லாரும் கொடுத்துவிடவில்லை. 1884இல் கொழும்பில் தொடங்கிய பள்ளி ஆதரவின்றித் தளர்ந்தது. அச்சில் ஏறிய சொல் பள்ளிக் கட்டடமாக ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் பிடித்தன. செல்வந்தரும் கட்டடக் கலைஞருமான வாப்பிச்சி மரைக்கார் துணைநிற்க, 1892 ஆகஸ்டில் மருதானையில் மத்ரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. பாஷா அதன் புரவலரானார். அதுவே பின்னர் ஸாஹிராக் கல்லூரி ஆயிற்று.

1898இல் சித்தி லெப்பை மறைந்தார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ், சோனகர் வரலாறு குறித்துப் பொன்னம்பலம் இராமநாதன் 1888இல் கூறியதற்கு மறுப்பு எழுதினார். தம் சமுதாயத்தின் கதையைத் தாமே எழுத வல்ல பேனாக்கள் அதற்குள் அங்கே உருவாகியிருந்தன.