லூபஸ் சிறுநீரகத்தில் ரத்தநாளச் சிதைவு: ஓர் ஆய்வு வரலாறு

லூபஸ் நோய் சிறுநீரகத்தைத் தாக்கினால் சேதத்தை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு இன்றைய மருத்துவ நூல்கள் பெரும்பாலும் ஓரிடத்தைத்தான் காட்டுகின்றன: ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய் முடிச்சான குளோமருலஸ். நோயை ஆறு வகுப்புகளாகப் பிரிப்பது அந்த முடிச்சுகளைப் பார்த்துத்தான். எந்த மருந்து, எவ்வளவு காலம் என்ற முடிவும் பெருமளவு அதையே சார்ந்திருக்கிறது. முடிச்சுக்கு ரத்தம் கொண்டுவரும் சிறுதமனிகளும் நுண்தமனிகளும் பயாப்ஸி அறிக்கையின் கடைசியில் ஒரு வரியாக இடம்பெற்றால் உண்டு. நாளங்களின் சேதம் தாமதமாகத்தான் தெரியவந்தது, அதனால்தான் பின்னால் நிற்கிறது என்று பலரும் எண்ணுகிறார்கள். வரலாறு வேறு விதமாகச் சொல்கிறது. நாளச் சேதம் தொடக்கத்திலேயே கண்ணில் பட்டது. பின்னர் ஆய்வுக் கருவிகளும் கையிலிருந்த மருந்துகளும் கவனத்தை வேறு பக்கம் திருப்பின. ரத்த உறைவு பற்றிய ஆராய்ச்சியின் வழியாகவே அது மீண்டும் வந்தது. வந்த பிறகும் வகைப்பாட்டுக்குள் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை.

1935இல் நியூயார்க்கின் மவுண்ட் சைனாய் மருத்துவமனையைச் சேர்ந்த பேயர், கிளெம்பெரர், ஷிஃப்ரின் ஆகிய மூவரும் 23 நோயாளிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லூபஸுடன் சேர்ந்து காணப்படும் இந்நோயை, உடலெங்கும் பரவிய புறச் சுற்றோட்டத்தின் நோய் என்றே அவர்கள் தலைப்பிட்டார்கள். குளோமருலஸின் நுண்குழாய்ச் சுவர் தடித்துக் கம்பி வளையம் போலத் தெரியும் மாற்றத்தை அவர்கள் விவரித்ததும் நாள நோய் என்ற இந்தப் பார்வையில்தான். ஆனால் 1941, 1942ஆம் ஆண்டுகளில் கிளெம்பெரரும் உடன் பணியாற்றியவர்களும் வேறொரு விளக்கத்துக்கு நகர்ந்தார்கள்: பாதிப்பின் மூலம் நாளம் அல்ல, உடலெங்கும் உள்ள இணைப்புத் திசுவின் கொலாஜன். அக்காலத்தில் இது பெரிய ஒருங்கிணைப்பு. தோல், இதயம், மூட்டு, சிறுநீரகம் என்று சிதறிக்கிடந்த அறிகுறிகளுக்கு ஒரே பொது விளக்கம் கிடைத்தது. நாளங்கள் அதன் பல இலக்குகளில் ஒன்றாகச் சுருங்கின.

இரண்டாவது திருப்பத்தை ஊசி கொண்டுவந்தது. 1951இல் கோபன்ஹேகனில் இவெர்சனும் பிரூனும், 1954இல் சிகாகோவில் கார்க்கும் முர்க்கேயும், உயிருள்ள நோயாளியின் சிறுநீரகத்திலிருந்து ஊசியால் திசு எடுக்கும் முறையை நிலைநாட்டினார்கள். அதுவரை பிணப் பரிசோதனை மேசையில் முழுச் சிறுநீரகத்தையும் அறுத்துப் பார்த்தவர்களுக்குப் பெரிய நாளங்களும் சிறிய நாளங்களும் சேர்ந்தே தெரிந்தன. மெல்லிய ஊசித் துண்டில் முடிச்சுகள் பல கிடைக்கும். தமனிகள் ஒன்றிரண்டு கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். எண்ணக் கிடைப்பதே அறிவியலின் அலகாகிவிடுகிறது. 1957இல் சிகாகோ குழு பயாப்ஸியை அடிப்படையாகக் கொண்ட லூபஸ் சிறுநீரக ஆய்வை வெளியிட்டது. அதே ஆண்டில் மெல்லர்ஸும் சகாக்களும் ஒளிரும் சாயத்தின் துணையுடன் லூபஸ் குளோமருலஸில் காமா குளோபுலின் படிந்திருப்பதைக் காட்டினார்கள். 1967இல் கோஃப்லர் குழு, டிஎன்ஏவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் சிறுநீரகத்திலிருந்தே பிரித்தெடுத்தது. எதிர்ப்பொருள் முடிச்சில் படிகிறது, அழற்சி எழுகிறது, ஸ்டீராய்டு அதை அடக்குகிறது: இந்தக் கோவை அவ்வளவு நிறைவாக இருந்ததால் அதற்குள் அடங்காதவை எல்லாம் துணைத் தகவல்களாயின. 1974இல் உருவான உலக சுகாதார அமைப்பின் வகைப்பாடு இதன் நேர்விளைவு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தினர் வகுத்த குறியீடுகளைப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். நோயின் தீவிரத்துக்கு 24 புள்ளிகள், நாட்பட்ட சேதத்துக்கு 12 புள்ளிகள். 36 புள்ளிகளில் ஒன்றுகூடத் தமனிக்கு இல்லை.

இதற்கிடையே, சிறுநீரகத்தோடு தொடர்பே இல்லாததாகத் தோன்றிய ஒரு துறையில் வேறொரு இழை நீண்டுகொண்டிருந்தது. 1952இல் கான்லியும் ஹார்ட்மனும் லூபஸ் நோயாளிகள் சிலரின் ரத்தத்தில் உறைதலைத் தாமதப்படுத்தும் ஒரு பொருளைக் கண்டார்கள். அத்தகைய ரத்தம் உடைய சிலருக்கு ரத்தக்கசிவுக்குப் பதிலாக உறைகட்டிகள் உண்டாவதை 1963இல் போவியும் சகாக்களும் பதிவு செய்தார்கள். சோதனைக் குழாயில் உறைய மறுக்கும் ரத்தம் உடலுக்குள் உறைந்து நாளத்தை அடைத்தது. 1981இல் கான்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் லூபஸ் குளோமருலஸ்களுக்குள்ளேயே உறைகட்டிகளைத் தேடிக் கண்டார்கள். 1983இல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையில் ஹாரிஸ், கராவி, ஹியூஸ் ஆகியோர் கார்டியோலிப்பின் எதிர்ப்பொருளை அளக்கும் சோதனையை உருவாக்கிய பிறகு, இத்தகைய எதிர்ப்பொருள்களையும் உறைகட்டிகளையும் இணைக்கும் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கூட்டம் தனி நோயாக நிலைபெற்றது. அழற்சி சிறிதும் இல்லாமல், நாளத்தின் உட்சுவர் தடித்தும் உறைகட்டி அடைத்தும் சிறுநீரகம் பாழாகலாம் என்பதற்கு முதன்முறையாக ஒரு காரணம் கிடைத்தது.

1994இல் ஆப்பெல், பிரானி, டகாட்டி ஆகியோர் நாளச் சேதங்களை ஐந்தாகப் பிரித்தார்கள்: நாளச் சுவரில் வெறும் எதிர்ப்பொருள் படிவு, அழற்சியற்ற நாள அழிவு, நுண்நாள உறைகட்டி நோய், உண்மையான நாள அழற்சி, வயதாலும் ரத்த அழுத்தத்தாலும் வரும் தமனித் தடிப்பு. இந்தப் பிரிவினை இல்லாமல் எண்ணிக்கைகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். 1991இல் பான்ஃபி தலைமையிலான இத்தாலியக் குழு 285 நோயாளிகளில் கால் பங்குக்குச் சற்று மேற்பட்டோரிடம் நாளச் சேதத்தைக் கண்டு, அவர்களின் சிறுநீரகம் விரைவில் கெடுவதைக் காட்டியது. 2013இல் பெய்ஜிங்கில் ஆராயப்பட்ட 341 நோயாளிகளில் 279 பேரிடம், அதாவது ஐந்தில் நான்கு பங்கினரிடம், ஏதோ ஒரு நாளச் சேதம் இருந்தது. இரண்டு எண்களும் மோதுவதுபோல் தெரிகின்றன. ஆனால் பெய்ஜிங் கணக்கில் 253 பேரிடம் இருந்தது எதிர்ப்பொருள் படிவு. நுண்நாள உறைகட்டி நோய் 60 பேரிடமும், அழற்சியற்ற நாள அழிவு 13 பேரிடமும், உண்மையான நாள அழற்சி 2 பேரிடமும் இருந்தன. மிக மோசமான விளைவு உறைகட்டி நோய் உள்ளவர்களுக்கே நேர்ந்தது. ஐந்தையும் ஒரே தட்டில் வைத்து நாளச் சேதம் என்று அழைப்பது, நாளத்தைப் புறக்கணிப்பதைப் போலவே தவறு என்பது என் கருத்து.

நாளச் சேதம் தனிக் காரணி அல்ல, உயர் ரத்த அழுத்தத்தின் தடயம் மட்டுமே என்று வாதிடுவோர் உண்டு. பாரிஸில் டோகா குழு 2002இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 114 லூபஸ் நோயாளிகளில் 36 பேரிடம் ஆன்டிபாஸ்போலிப்பிட் வகை நாளச் சேதம் காணப்பட்டது. குளோமருலஸ் அழற்சி எந்த அளவில் இருந்தாலும் அதைச் சாராமல் இது தனித்து நின்றது. 2004இல் ஏதென்ஸில் டெக்டோனிடூ குழு 151 பேரைப் பார்த்தபோது, ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் உள்ளவர்களில் சுமார் 40 விழுக்காட்டினருக்கும் இல்லாதவர்களில் சுமார் 4 விழுக்காட்டினருக்கும் இச்சேதம் இருந்தது. ரத்த அழுத்தம் மட்டுமே காரணமாக இருந்தால் இந்தப் பத்து மடங்கு வேறுபாட்டை விளக்க முடியாது. ஆனால் அதே ஏதென்ஸ் ஆய்வு எதிர்த்தரப்புக்கும் ஒரு சான்று தருகிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. நாளச் சேதம் உள்ளவர்களுக்கு பயாப்ஸியின்போது ரத்த அழுத்தமும், சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினின் அளவும் கூடியிருந்தன, ஆனால் தொடர்கண்காணிப்பின் முடிவில் சிறுநீரகச் செயலிழப்பு குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக இல்லை. ஆறிப்போன பழைய உட்சுவர்த் தடிப்பும் புதிதாக அடைக்கும் உறைகட்டியும் ஆன்டிபாஸ்போலிப்பிட் வகை நாளச் சேதம் என்ற ஒரே பெயருக்குள் எண்ணப்பட்டதை இதற்குக் காரணமாகக் கருதுகிறேன். பெய்ஜிங்கில் உறைகட்டியைத் தனியே பிரித்தபோது விளைவின் வேறுபாடு துலங்கியது.

ஊசித் துண்டில் தமனி கிடைப்பது அரிது, கிடைக்காததை எப்படி வகுப்பது என்பது நடைமுறை சார்ந்த ஆட்சேபம். மாற்றுச் சிறுநீரகத்தை ஆராய்வோர் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். கனடாவின் பான்ஃப் நகரின் பெயரால் வழங்கும் அவர்களின் விதிமுறை, பத்துக் குளோமருலஸோடு இரண்டு தமனிகளும் இருந்தால்தான் மாதிரி போதுமானது என்கிறது. தமனி அழற்சிக்கும் தடிப்புக்கும் தனித்தனி மதிப்பெண்ணும் உண்டு. 2003இல் வகுக்கப்பட்ட சர்வதேச லூபஸ் வகைப்பாடு பத்துக் குளோமருலஸைக் கேட்டது. தமனிக்கு அதேபோல் ஓர் எண்ணை விதிக்கவில்லை. 2018 திருத்தத்துக்குப் பிறகும் நாளங்களுக்குத் தனி வகுப்பு இல்லை. இது திசுவின் பற்றாக்குறையால் வந்த நிலை அல்ல. தமனியைக் கேட்க வேண்டும் என்று யாரும் தீர்மானிக்கவில்லை.

கண்டறிந்து என்ன பயன், சிகிச்சை மாறுமா என்ற கேள்விதான் உண்மையில் கனமானது. ரத்த உறைவுத் தடுப்பு மருந்து லூபஸ் சிறுநீரகத்தைக் காக்கும் என்பதற்குப் பெரிய சோதனைகளின் நிரூபணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் 2014இல் பாரிஸின் கனோ குழு, ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள்கள் நாள உட்சுவர்ச் செல்களில் எம்டோர் என்ற வளர்ச்சிப் பாதையைத் தூண்டுவதைக் காட்டியது. இந்த நாள நோயோடு மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களில், அப்பாதையைத் தடுக்கும் சிரோலிமஸ் மருந்து உட்கொண்ட 10 பேரில் 7 பேருக்கு 144 மாதங்களுக்குப் பின்னும் உறுப்பு இயங்கியது. உட்கொள்ளாத 27 பேரில் 3 பேருக்கு மட்டுமே இயங்கியது. எண்ணிக்கை சிறிது, சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனையும் அல்ல. ஆனாலும் அழற்சியை அடக்கும் வழக்கமான மருந்துகள் தொடாத ஒரு பாதை இங்கே இருப்பதை அது காட்டுகிறது. தவறான மருந்தைத் தவிர்ப்பதும் சிகிச்சைதான். உறைகட்டியால் கெடும் சிறுநீரகத்துக்கு ஸ்டீராய்டைக் கூட்டிக்கொண்டே போனால் நோயாளிக்குத் தொற்று அபாயம்தான் கூடும். 2021இல் அமெரிக்காவில் லூபஸ் சிறுநீரக நோய்க்கு அனுமதி பெற்ற வோக்ளோஸ்போரின் கால்சினியூரின் தடுப்பு வகையைச் சேர்ந்தது. அந்த வகை மருந்துகள் நுண்தமனிகளைச் சுருக்கக்கூடியவை, நுண்நாள உறைகட்டியையே உண்டாக்கக்கூடியவை. அவற்றைத் தொடங்கும் முன் நாளத்தின் நிலையை அறியாமல் இருப்பது நியாயமல்ல.

2023இல் ஆன்டிபாஸ்போலிப்பிட் நோய்க்கூட்டத்துக்கான புதிய வரையறை, சிறுநீரக நுண்நாளச் சேதத்தைத் தன் அளவுகோல்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. 2024இல் சிறுநீரக மருத்துவர்களின் பன்னாட்டு வழிகாட்டி, லூபஸில் நுண்நாள உறைகட்டி நோய் தெரிந்தால் அதன் மூலகாரணத்தைத் தனியே தேடி அதற்கேற்ப மருத்துவம் செய்யச் சொல்கிறது. லூபஸ் பயாப்ஸி வகைப்பாடு மட்டும் பின்தங்கி நிற்கிறது. அடுத்த திருத்தத்தைச் செய்பவர்கள் ஐந்து வகைகளையும் வகுப்புகளாக்க வேண்டியதில்லை. நுண்நாள உறைகட்டி நோய், அழற்சியற்ற நாள அழிவு ஆகிய இரண்டுக்கும் தனி மதிப்பெண் தரட்டும். குறைந்தது இரண்டு தமனிகளைக் கேட்கட்டும். அதுவரை பயாப்ஸி அறிக்கை எழுதும் ஒவ்வொரு நோய்க்குறியியல் மருத்துவரும் நாளங்களின் நிலையை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். மாதிரியில் தமனி கிடைக்காவிட்டால் அதையும் எழுத வேண்டும்.