கண்பாவை சுருங்கும் அளவு

காற்றில் சாரின் என்ற நரம்பு நச்சு எவ்வளவு இருந்தால் ஆபத்தில்லை என்ற கேள்விக்கு ஆய்வகம் மட்டும் விடை சொல்லிவிட முடியாது. எதைப் பாதிப்பு என்று கணக்கில் எடுப்பது என்பதை மனிதர்கள்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். முதல் உலகப் போர்க் காலத்தில் ஃபிரிட்ஸ் ஹேபர், நச்சின் செறிவையும் சுவாசித்த நேரத்தையும் பெருக்கிப் பார்த்தார். அவர் தேடியது சாவுக்கான அளவை. 1985-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இரசாயன ஆயுதக் கையிருப்பை அழிக்க உத்தரவிட்டது. அழிப்பு ஆலைத் தொழிலாளர்களுக்காக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1988-இல் வரம்புகளை அறிவித்தது. 2003-இல் அவற்றைத் திருத்தியபோது அது அளவுகோலாகக் கொண்டது கண்பாவையை. சாரின் ஆவி பட்டால் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கிப் பார்வை இருளும். இரத்தத்தில் மாற்றம் தெரியாதபோதே இது நேரலாம். உயிர் போகாதுதான், ஆனால் மங்கிய வெளிச்சத்தில் நச்சு நிரப்பிய ராக்கெட்டைக் கையாள்பவருக்கு அது சிறிய பாதிப்பு அல்ல. அளவுகோல் சாவிலிருந்து கண்பாவைக்கு வந்ததே இந்த வரலாற்றின் பெரிய முன்னேற்றம் என்பேன்.

2003 வரம்பின் எண் பிறந்த இடம் பிரிட்டனின் இராணுவ ஆய்வு மையமான போர்ட்டன் டவுன். அங்கே 1949-இல் பாதுகாப்பு ஏதுமின்றி மனிதர்களையும் முயல்களையும் மெல்லிய சாரின் ஆவியில் வைத்துப் பார்த்தார்கள். கன மீட்டருக்கு 0.06 மில்லிகிராம், 20 நிமிடம், பாவை சுருங்கியது. அதை ஹேபரின் அதே பெருக்கல் கணக்கால் 8 மணி நேரத்துக்குப் பரப்பி, ஆளுக்கு ஆள் மாறும் தாங்குதிறனுக்கும் பல நாள் வேலைக்கும் இடம்விட்டு வகுத்தால் கன மீட்டருக்கு 0.00003 மில்லிகிராம் என்ற வரம்பு வருகிறது. 1988-இல் இது 0.0001 ஆக இருந்தது. விஎக்ஸ் என்ற மற்றொரு நரம்பு நச்சின் விஷயம் இன்னும் சிக்கல். போதிய தரவு இல்லாததால் அது சாரினைவிட 12 மடங்கு வீரியமுள்ளது என்று கொண்டு, தெரியாததற்காக மேலும் 3-ஆல் வகுத்தார்கள்; வரம்பு பழையதில் பத்தில் ஒரு பங்கானது.

இது அறிவியல் வேடமிட்ட ஊகம் என்று சொல்பவர்கள் உண்டு. ஊகம்தான். ஆனால் ஒவ்வொரு வகுஎண்ணும் காரணத்தோடு வெளியிடப்பட்டது. யாரும் அதை மறுத்து வாதிடலாம். மூடிய கதவுக்குள் முடிவான துல்லிய எண்ணைவிட இதையே நான் நம்புவேன். இன்னொரு ஆட்சேபம் கனமானது. 1953-இல் அதே போர்ட்டன் டவுனில் ரொனால்ட் மாடிசன் என்ற 20 வயது விமானப்படை வீரர், கையில் சாரின் சொட்டுவிட்ட சோதனையில் இறந்தார். அது சட்டவிரோதக் கொலை என்று 2004-இல்தான் விசாரணையில் தீர்ப்பானது. அப்படிப்பட்ட இடத்தின் தரவைத் தொடலாமா? தொடாவிட்டால் விலங்குத் தரவிலிருந்து மனிதருக்குத் தாவ வேண்டும். அந்தத் தாவலின் பிழையைச் சுமப்பவர் தொழிலாளிதான். எனவே தரவைப் பயன்படுத்தலாம். ஆனால் அது எங்கிருந்து, யார் உடம்பிலிருந்து வந்தது என்பது வரம்பு அட்டவணையிலேயே அச்சிடப்பட வேண்டும்.