ஆர்எக்ஸ் 100: சாகாத இன்ஜின்

1985-ல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவோடு சேர்ந்து கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100 வெறும் 98 சிசி தான். ஆனால் 11 குதிரைசக்தி! 1996-ல் புகை விதிகள் இறுகின, தயாரிப்பும் நின்றது. வண்டி மட்டும் நிற்கவில்லை. குமாரபாளையம் மாதிரி லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத தறி ஊர்களில் பழைய இன்ஜினைப் பிரிக்க யார் பயப்படப் போகிறார்கள்?

இது டூ ஸ்ட்ரோக். இதன் ஹெட்டில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள போர்ட்டுகள் வழியாகவே புகை வெளியேறும். சிலிண்டர் தேய்ந்தால் போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் புது ரிங்கும் மாட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் சுவர் மெலியும், அதனால் இந்த வைத்தியத்துக்கு எல்லை உண்டு.

வேகத்துக்காகப் போர்ட்டை அரத்தால் உயர்த்துவதுதான் இளவட்டங்களின் மோகம். மேல்வேகம் கூடும்; கீழ்வேக இழுவையும் மைலேஜும் போகும். ராவிய இரும்பு திரும்ப வராது. அதனால் விவரமான மெக்கானிக் முதலில் சைலன்சர் கரியைச் சுரண்டி, கார்புரேட்டர் ஜெட்டைப் பார்ப்பார். பாதி வண்டிகள் அதிலேயே சீறிவிடும்.