வன்னிப் பாதையும் ஜீப்பின் சுழல்தண்டும்

வன்னி நிலத்தின் வரலாற்றை எழுதியோர் அங்கு ஆண்ட வன்னியர்களைப் பற்றியும், அவர்கள் எதிர்த்து நின்ற அந்நியரைப் பற்றியும், காடு மூடிக்கிடந்த குளங்களைப் பற்றியும் நிறையவே எழுதியிருக்கின்றனர். ஆனால், அந்த நிலத்தை மனிதர் எவ்வாறு கடந்து சென்றனர், எதிலே ஏறிச் சென்றனர் என்பதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. வவுனியா முதல் ஆனையிறவு வரை, மாங்குளம் முதல் முல்லைத்தீவுக் கடற்கரை வரை, பாதையே வாழ்வையும் சாவையும் தீர்மானித்த நாடு அது. மாரி காலத்தில் ஒரு தாம்போதியைக் கடக்க முடியாமற் போனமையால் வைத்தியசாலையைக் காணாது இறந்தோர் எத்தனை பேர் என்பதற்கு எந்தக் கச்சேரியிலும் கணக்கில்லை.

பண்டைய வன்னியில் இவ்வினாவுக்கு விடையாக இருந்தது மாட்டுவண்டி. அதன் சக்கரம் ஆளின் மார்பளவு உயரம். அச்சு நிலத்திலிருந்து வெகு மேலே இருக்கும். சேற்றிலும் நீரோட்டத்திலும் அவ்வுயரமே அதற்குக் காவல். அதனினும் முக்கியமான ஒன்றுண்டு: வண்டியை இழுக்கும் வலு வெளியிலிருந்து வருகிறது. காளை முன்னே செல்ல, சக்கரம் தானாக உருளுகிறது. ஆகையால் வண்டியை எவ்வளவு உயர்த்தினாலும் அதற்குள்ளே கோணுவதற்கு ஒன்றுமில்லை. உள்ளிருந்து பிறக்கும் வலுவினாற் சக்கரத்தைச் சுழற்ற மனிதன் முற்பட்ட நாளிலேதான் புதிய தொல்லை தொடங்கியது.

ஜே. பி. லூயிஸ் என்ற ஆங்கில அதிகாரி வவுனியா, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பற்றிய தமது பெருநூலை 1895 இலே வெளியிட்டார். அதற்குப் பத்தாண்டு கழித்து, 1905 இலே, வடக்குப் புகையிரதப் பாதை வன்னியை ஊடறுத்து யாழ்ப்பாணத்தையும் காங்கேசன்துறையையும் அடைந்தது. வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன் ஆகிய இடங்களிலே நிலையங்கள் எழுந்தன. ஆயினும் புகையிரதம் வன்னியின் முதுகெலும்பிலே மட்டும் ஓடியது. விலா எலும்புகளுக்கு அது எட்டவில்லை. மாங்குளத்தில் இறங்கியவர் முல்லைத்தீவுக்கு ஏறக்குறைய 50 கிலோமீற்றர் செல்ல வேண்டும். 1902 இலே தொடங்கிய இரணைமடுக் குளத்தின் வேலையும், பின்னர் கிளிநொச்சியிலும் வவுனிக்குளத்திலும் முத்தையன்கட்டிலும் எழுந்த குடியேற்றங்களும் மக்களைக் காட்டினுள்ளே கொண்டுபோய் அமர்த்தின. அவர்களைத் தொடர்ந்து வர வேண்டிய தெருவோ ஆண்டுகள் பல பின்தங்கியே வந்தது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே வவுனியாவில் பிரித்தானிய விமானப்படையின் தளம் ஒன்று இருந்தது. அப்போரோடு உலகெங்கும் பரவிய வாகனம் ஜீப். அமெரிக்காவிலே 1940 இல் முதன்மாதிரி செய்யப்பட்டு, 1941 முதல் வில்லிஸ் நிறுவனமும் தொடர்ந்து போர்ட் நிறுவனமும் இலட்சக்கணக்கிற் செய்து தள்ளிய அந்தச் சிறு வண்டி, நான்கு சக்கரங்களாலும் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு சேற்றைக் கடந்தது. போர் முடிந்தபின் இங்கிலாந்திலே ரோவர் நிறுவனத்தின் மொரிஸ் வில்க்ஸ் என்பவர் தமது பண்ணையில் ஒரு பழைய ஜீப்பை ஓட்டிப் பார்த்து, அதைப்போல் ஒன்று செய்யத் துணிந்தார். 1948 ஏப்ரல் 30 ஆம் நாள் அம்ஸ்ரடாம் நகரக் கண்காட்சியிலே லாண்ட் ரோவர் உலகுக்குக் காட்டப்பட்டது. காடு வெட்டுவோரும் நில அளவையாளரும் நீர்ப்பாசனப் பொறியியலாளரும் நாடிய வண்டிகள் இவையே.

இவ்வண்டிகளின் வயிற்றினடியே ஓர் இரும்புக் குழாய் கிடக்கிறது. கியர்ப்பெட்டியிலிருந்து பின்னச்சுக்கு வலுவைக் கொண்டு செல்லும் சுழல்தண்டு அது. கியர்ப்பெட்டி சட்டத்தோடு பிணைந்தது. பின்னச்சோ வில்தகடுகளின்மேல் ஏறி இறங்குவது. இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருப்பது அரிது. ஆகவே தண்டின் இரு முனையிலும் வளைந்து சுழலும் மூட்டு வேண்டும். இரண்டு கவைகள், அவற்றிடையே ஒரு சிறு சிலுவை, அவ்வளவே. பட்டறைகளில் இதனை யூனிவர்சல் ஜொயின்ற் என்பர்.

இதன் தலைமுறை நீண்டது. பதினாறாம் நூற்றாண்டிலே இத்தாலியரான கார்டானோ, எப்பக்கம் சாய்ந்தாலும் நிமிர்ந்து நிற்கும் தொங்கல் வளையங்களை விவரித்தார். அதனாலேயே இன்றும் சில நாட்டார் இம்மூட்டுக்கு அவர் பெயரை வைத்து வழங்குகின்றனர். சுழற்சியைக் கடத்தும் மூட்டாக இதனை ஆராய்ந்தவர் ஆங்கிலேய அறிஞர் றொபேட் ஹூக். 1676 இலே வெளியிட்ட சிறுநூலில் இதனை விவரித்தார். வியப்பு யாதெனில், அவர் இதனைப் பயன்படுத்தியவற்றுள் ஒன்று சூரிய கடிகாரத்துக்கு மணிக்கோடு வரைதல். ஞாயிறு சீராகச் செல்ல, கடிகாரத் தட்டிலே நிழல் ஒருபொழுது விரைந்தும் ஒருபொழுது தயங்கியும் நகரும். வளைந்த மூட்டும் அவ்வாறே: ஒரு பக்கத்தைச் சீராகச் சுழற்றினால், மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை தயங்கும். இரண்டுக்கும் கணக்கு ஒன்றே. இலண்டன் நகரின் கிடைக் கடிகாரத்துக்கு மூட்டை 38 பாகையளவு வளைத்தாற் போதும். வன்னியோ நிலநடுக்கோட்டிலிருந்து 9 பாகையில் உள்ளது. இங்கே 81 பாகை வளைக்க வேண்டும், அதற்கு எந்த மூட்டும் இசையாது. இந்தச் சீரின்மையை 1824 இலே பிரெஞ்சு அறிஞர் பொன்சலே கணிதத்தால் நிறுவினார்.

ஹூக்குக்கு வரமாக இருந்த அதே தயக்கம், மோட்டார் வண்டிக்குச் சாபமாயிற்று. தொடக்ககால வண்டிகள் பல, சைக்கிளைப் போலச் சங்கிலியால் ஓடின. அமெரிக்காவிலே கோர்னெல் பல்கலைக்கழக மாணவராயிருந்த கிளாரென்ஸ் ஸ்பைசர் உறையிட்ட மூட்டுக்கு 1903 இலே காப்புரிமை பெற்று, அடுத்த ஆண்டு அதனைச் செய்து விற்கத் தொடங்கினார். பின்னாளில் ஜீப்பின் அடியிலும் அவர் பெயர் கொண்ட மூட்டுகளே சுழன்றன.

ஒரு மூட்டின் தயக்கத்தை மற்றொரு மூட்டினால் ஈடுசெய்யலாம் என்பதே பொறியியலாளர் கண்ட வழி. இரு முனையிலும் கோணம் சமமாயிருந்து, தண்டின் இரு கவைகளும் ஒரே தளத்தில் நின்றால், முதல் மூட்டு கெடுத்ததை இரண்டாவது மூட்டு திருத்திவிடும். பின்னச்சுக்குச் சீரான சுழற்சி கிட்டும். ஆயின், நடுவிலே கிடக்கும் தண்டு மட்டும் விரைந்தும் தயங்கியும்தான் ஓடும். இதனைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வண்டியை உயர்த்துவோர் தடுமாறுவது இவ்விடத்திலேதான். வில்தகடுகளை மாற்றியோ அடுக்கியோ சட்டத்தை நாலைந்து அங்குலம் மேலே தூக்கியவுடன், கியர்ப்பெட்டி உயர்கிறது, பின்னச்சு நின்ற இடத்திலேயே நிற்கிறது. குட்டைத் தண்டு செங்குத்தாகச் சாய்கிறது. லாண்ட் ரோவர் போன்ற வண்டி மணிக்கு 60 கிலோமீற்றர் ஓடும்போது அதன் சுழல்தண்டு நிமிடத்துக்கு ஏறக்குறைய 1,880 முறை சுழலும். கோணம் 10 பாகையாயின் தண்டின் வேகம் 1,851 க்கும் 1,909 க்கும் இடையே ஊசலாடும். 20 பாகையாயின் அது 1,767 க்கும் 2,001 க்கும் இடையே பாயும். கோணம் இருமடங்கானபோது ஊசலாட்டம் நான்கு மடங்காயிற்று! அதுவும் ஒரு வினாடியில் அறுபது தடவைக்கு மேல். இருக்கை நடுங்குவதும், தரைத்தகடு முழங்குவதும், ஊசியுருளைகள் தேய்ந்து மூட்டுக் கழன்றுபோவதும் இதனாலேயே.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். வில்லை உயர்த்தினால் உடல்தான் உயரும்; பின்னச்சின் நடுவே உருண்டிருக்கும் பற்சக்கரப் பேழை ஓர் அங்குலமும் உயராது. அதை உயர்த்துவது பெரிய டயர் ஒன்றே. மாட்டுவண்டி செய்த ஆசாரிக்கு இது நூல் படியாமலே தெரிந்திருந்தது.

1990 க்குப் பிந்திய போர்க்காலம் வன்னியின் போக்குவரத்தைத் தலைகீழாக்கியது. வவுனியாவுக்கு வடக்கே புகையிரதம் நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. பழைய பெற்றோல் கார்கள், தொடக்கத்தில் ஒரு துளி பெற்றோல் காட்டப்பட்டு, மண்ணெண்ணெயில் ஓடின. ஒன்றின் உறுப்பை மற்றொன்றில் பொருத்தி உயிர்கொடுத்த மெக்கானிக்குகளின் கைத்திறனை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை. அக்காலத்தில் மக்களைச் சுமந்தது பெரும்பாலும் உழவு இயந்திரமும் அதன் பெட்டியுமே. உழவு இயந்திரத்துக்கு இந்த நடுக்கம் இல்லாமையும் தற்செயலன்று. எஞ்சினும் கியர்ப்பெட்டியும் பின்னச்சும் ஒரே இரும்புடலாக வார்த்துப் பூட்டப்பட்டவை. பின்புறம் வில்லுமில்லை, சாய்ந்த தண்டுமில்லை. உடம்பு குலுங்கினும் வழி தவறாது.

ஏ 9 நெடுஞ்சாலை 2002 இலே திறந்து, 2006 ஓகஸ்ட்டில் மூடி, போர் முடிந்த 2009 இன் பின் மீண்டும் திறந்தது. 2013 இலே கிளிநொச்சிக்கும் 2014 இலே யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் திரும்பியது. நெடுஞ்சாலை இன்று வழவழப்பானது. உட்பாதைகள் அவ்வாறல்ல, 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களைப் பெருவெள்ளம் மூடியபோது உயரமான வாகனத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. ஆகவே வண்டியை உயர்த்துவதை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குதல் நேர்மையன்று. அரைகுறையாக உயர்த்துவதே கண்டிக்கத்தக்கது. வெள்ளத்தின் நடுவே நோயாளியோடு தண்டு முறிந்தால், உயர்த்திய உயரம் எவருக்கும் உதவாது.

நடுக்கம் கண்டவுடன் பலர் டயரைச் சமன்செய்யக் கொடுத்துப் பணத்தைச் செலவிடுகின்றனர். முதலிலே நடுக்கத்தின் இயல்பை அறிய வேண்டும். வேகத்தை மட்டும் பொறுத்து, முடுக்கியை அழுத்தினாலும் விட்டாலும் மாறாமல் வருமாயின், தண்டின் எடை ஒருபுறம் கூடியிருக்கலாம், அல்லது டயரில் குறையிருக்கலாம். முடுக்கும்போது ஒருவிதமாகவும் காலை எடுக்கும்போது வேறுவிதமாகவும் வருமாயின், ஐயம் கோணத்தின்மீதே செல்ல வேண்டும். ஏனெனில் வலு ஏறும்போது பின்னச்சின் மூக்கு மேல்நோக்கித் திருகி, கோணத்தையே மாற்றிவிடுகிறது.

அளப்பதற்கு அருமையான கருவி எதுவும் வேண்டியதில்லை. பள்ளிப் பிள்ளையின் பாகைமானியும், கொத்தனின் தூக்குக்குண்டு நூலும் போதும். வண்டியைச் சமதரையில், தன் சக்கரத்திலேயே நிறுத்தி, கியர்ப்பெட்டியின் வெளிமுகம், தண்டு, பின்னச்சின் முகம் ஆகிய மூன்றின் சாய்வையும் குறிக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டின் வேறுபாடே மூட்டின் கோணம். இரு கோணமும் ஒரு பாகைக்குள் ஒத்திருத்தல் வேண்டும். சிறிதாகவும் இருத்தல் வேண்டும். முற்றிலும் பூச்சியமாவதும் நன்றன்று; சிறிதேனும் வளைவில்லாவிடில் ஊசியுருளைகள் உருளாமல் ஒரே இடத்தில் பள்ளம் பறித்துவிடும்.

கோணங்கள் ஒவ்வாவிடில், வில்தகட்டுக்கும் அச்சின் இருக்கைக்கும் இடையே உருக்கு ஆப்பு வைத்து மூக்கைத் திருப்பலாம். மென்மையான அலுமினிய ஆப்பு பாரவண்டியில் நசுங்கிப்போகும். ஒத்திருந்தும் பெரிதாயிருப்பின், கியர்ப்பெட்டியின் தாங்கிகளுக்குக் கீழே துண்டு வைத்து அதனைச் சற்று இறக்கலாம். ஆனால் தேடிப்பெற்ற உயரத்திற் சிறிது அதனால் குறையும். அதற்கும் அடங்காவிடில், கியர்ப்பெட்டிப் பக்கத்தில் இரட்டை மூட்டு உள்ள தண்டைப் பூட்டுவர். அப்போது கணக்கு மாறுகிறது: இரட்டை மூட்டு தன் தயக்கத்தைத் தானே தீர்த்துக்கொள்வதால், பின்னச்சின் மூக்கு ஏறக்குறையத் தண்டை நோக்கியே நிற்க வேண்டும். பழைய கோணத்தை அப்படியே விட்டு இரட்டை மூட்டை மட்டும் பூட்டினால் நடுக்கம் முன்னையினும் கூடும். முன்னச்சைத் திருப்புவதில் இன்னும் எச்சரிக்கை தேவை; அதன் சாய்வு மாறினால் வண்டி நேரே ஓடும் குணத்தையே இழந்துவிடும்.

எளிய பிழை ஒன்றும் உண்டு. தண்டின் நடுவே நீண்டு சுருங்கும் பல்வரி இணைப்பைக் கழற்றிக் கிறீஸ் இட்டபின், ஒரு பல் தள்ளிப் பூட்டிவிடுவர். கவைகள் இரண்டும் தளம் மாறிவிடும். பிறகு எந்த ஆப்பும் உதவாது. அதற்காகவே பல தண்டுகளில் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். கறலைச் சுரண்டிப் பார்த்தால் அது தெரியும். உயர்த்திய வண்டியில் அப்பல்வரி போதிய நீளம் உள்ளே நிற்கிறதா, அச்சு முழுவதும் தொங்கும்போது பிறேக் குழாய் இழுபடுகிறதா என்பவற்றையும் அவ்வேளையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். ஆப்பு வைத்த வண்டியைச் சில நாள் ஓட்டியபின், யு போல்ட்டுகளின் நட்டுக்களை மறுபடியும் இறுக்க வேண்டும்.