தாய்மொழியில் வந்த வைத்தியம்

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் அவரிடம் மேனாட்டு வைத்தியம் பயின்றோர் 60 பேருக்கு மேலாவர். ஆங்கிலத்திற் கற்றவர்களிற் பலர் அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். கிராமங்களோ வைத்தியரின்றி வாடின. ஆகவே 1864 முதல் அவர் தமிழிலேயே கற்பித்தார். கலைச்சொற்களை ஆக்கி, பிரசவ வைத்தியம் முதலான நூல்களையும் தமிழில் வெளியிட்டார். மதத்தால் நாம் வேறாயினும் அவர் தொண்டை மறவோம்.

இன்று பளையில் வீடுவீடாகச் செல்லும் மருத்துவமாது, கர்ப்பிணியிடம் தமிழிலேயே சுகம் வினவுகிறார். அங்கே கேட்டறிந்தவற்றை எழுதி ஆராய்ந்தாலன்றோ தாதியர் கல்வி வளரும்! தாதித் தொழிலை நாடும் நம் இளைஞர், எம்மொழியிற் படிப்பினும், கண்டதைத் தமிழில் எழுதி வைப்பாராக. கிறீனுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அதுவே.